அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை யாரிடம் கொடுப்பது?

உங்கள் கேள்வி இதுதான். திருச்சி வீட்டுக் கொட்டகையில் 1969 மாடல் நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. அப்பா ஓட்டிய கார். அவர் காலமான பிறகு யாரும் எடுக்கவில்லை. ஓடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் ஒரு பட்டறைக்காரர், போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, மொத்தமாக ஒரு தொகை சொல்லி ஆறு மாதத்தில் புது வண்டி மாதிரி தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர், பிரித்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார். யாரை நம்புவது, நம்பகமான இடத்தை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றவர் உண்மையைப் பேசியிருக்கிறார். அதற்காக உடனே அவரிடமே வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். அவரையும் சோதிக்க வேண்டும். ஆனால் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாமல், தரை விரிப்பைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் தொகையும் கெடுவும் சொன்னவரைத் தயங்காமல் விட்டுவிடலாம். அப்படிச் சொல்லப்படும் தொகை இரண்டே வழியில்தான் முடியும். ஒன்று, பாதி வேலையில் "இன்னும் கொஞ்சம் ஆகும் சார்" என்று போன் வரும். இல்லையென்றால் துருவின் மேலேயே பட்டி பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்துச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதுதான் மோசம். அடுத்தடுத்த மழைக்காலங்களில்தான் அது வெளியே தெரியும்.

ஹெரால்ட் எப்படிக் கட்டப்பட்ட கார் என்பதைத் தெரிந்துகொண்டால் பட்டறைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் டிரையம்ஃப் பெயரில் 1959இல் இந்தக் கார் வந்தபோது, மற்ற கம்பெனிகள் சேஸிஸும் (அடிச்சட்டம்) பாடியும் ஒன்றான மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. டிரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த பாடியைப் பகுதி பகுதியாக வெவ்வேறு ஆலைகளில் செய்து, தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த கார் என்பதால் தமிழ்நாட்டில் டாக்டர்கள், வக்கீல்கள் வீடுகளில் நிறையவே இருந்தது. இன்றும் கொட்டகைகளில் அகப்படுகிறது. இங்கிலாந்தில் 948 சி.சி. எஞ்சின் பிறகு பெரிதானது. இங்கே கடைசிவரை அதே 948தான். நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே தயாரானது. இந்த விஷயம் உங்கள் பணப்பையைத் தொடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாடி போல்ட்டில் நிற்பதால் ஹெரால்டைப் பிரிப்பது சுலபம், திரும்பச் சேர்ப்பதுதான் கஷ்டம். மட்கார்டோடு சேர்ந்த முன் பானெட் அப்படியே முன்பக்கமாகச் சாயும். கதவுகளின் இடைவெளி, பானெட்டின் விளிம்பு எல்லாம் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் சிறு தகடுகளைக் கூட்டிக் குறைத்து அமைக்கப்படுபவை. பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கும் முன், கதவுத் திறப்புக்குக் குறுக்கே கம்பி வெல்ட் செய்து தாங்கல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தூக்கினால் பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். பிறகு தகடு வேலை பார்க்கும் எந்த டிங்கராலும் அந்தக் கதவை ஒழுங்காகச் சாத்தவைக்க முடியாது. ஆகவே பட்டறையில் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பாடியைத் தூக்கும் முன் என்ன செய்வீர்கள்? தாங்கல் என்ற விஷயம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, முன் சக்கரத்தின் டிரன்னியனுக்குக் கிரீஸா, ஆயிலா? ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் கீழ்ப்பக்கம், மரை போட்ட இரும்புத் தண்டு ஒன்று பித்தளை வகை உலோகத்தாலான டிரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்குக் கியர் ஆயில் 90தான் போட வேண்டும். நம் ஊர் மெக்கானிக் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார். கிரீஸ் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே ஈரம் சேர்ந்து இரும்பு மரை துருப்பிடிக்கும். ஒரு நாள் அந்தத் தண்டு முறிந்து முன் சக்கரம் மடிந்து விழும். ஓடுகிற வண்டியில் நடந்தால் உயிரே போகலாம். இந்தக் கேள்விக்கு "ஆயில்தான் சார், கிரீஸ் போடக்கூடாது" என்று தயங்காமல் சொல்பவர் ஹெரால்டைத் தொட்டவர். "எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான் சார்" என்பவர் அம்பாசடர், ஃபியட்டில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் வண்டிக்கு ஏற்றவர் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று மறுநாள் சரியான பதிலோடு கூப்பிடுபவரை நான் நடுவில் வைப்பேன். சொல்லப்போனால் அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

எஞ்சினிலும் இப்படி ஓர் அடையாளக் கேள்வி உண்டு. இந்த வகை டிரையம்ஃப் எஞ்சின்களில் கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து கழன்று விழும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லி நகர்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால், எஞ்சினைத் திறக்காமல் ஓட்டக் கூடாது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன், ரிங் பற்றியே பேசிவிட்டு இதைப் பற்றி வாய் திறக்காதவரிடம் எஞ்சின் வேலையைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

இப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? விளம்பரத்திலும் வீடியோவிலும் தேட வேண்டாம். வீடியோவில் பெயிண்ட்தான் தெரியும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய கண்காட்சிக்கோ ஊர்வலத்துக்கோ போய், ஹெரால்டோ அதே கம்பெனியின் கெஸலோ வைத்திருப்பவர்களிடம் பேசுங்கள். போன மாதம் வேலை முடிந்து வண்டியை எடுத்தவரின் சந்தோஷத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வேலை முடிந்து இரண்டு மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். மழையில் ஓட்டினீர்களா, எங்கே பெயிண்ட் உப்பியது, எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவந்தது, இன்னொரு கார் கிடைத்தால் அதே ஆளிடம் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வாய்ப்பு இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. பழைய கார்களை நல்ல நிலையில் வைத்திருக்க என்ன தேவை என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அந்த ஊரின் லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும். சந்தையில் கிடைக்காத புஷ், பின் போன்றவற்றை மாதிரி கொடுத்துச் செய்து வாங்க அதைவிட நல்ல ஊர் நம்மிடம் இல்லை.

பலருக்குத் தோன்றாத இன்னொரு வழி இருக்கிறது. பட்டறைகளுக்கு வேலை செய்துகொடுப்பவர்களிடம் விசாரியுங்கள். ரீபோர், கிராங்க் கிரைண்டிங் செய்யும் எஞ்சின் ரீகண்டிஷனிங் கடைக்காரர், சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைக்காரர், புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்பவர், குரோமியம் பிளேட்டிங் செய்பவர் ஆகியோருக்கு எல்லாப் பட்டறைகளின் உண்மை நிலையும் தெரியும். யார் அளவு பார்த்துச் சரியான பேரிங் கேட்டு வாங்குகிறார், யார் இருப்பதிலேயே மலிவானதைப் போட்டு ஒப்பேற்றுகிறார், யார் பாக்கி வைக்கிறார் எல்லாம் அவர்கள் அறிவார்கள். கடைக்குக் கடன் வைத்திருக்கும் பட்டறைக்காரர் உங்கள் அட்வான்ஸை வாங்கி முந்தைய வண்டியின் கடனை அடைப்பார். உங்கள் வண்டிக்குப் பொருள் வாங்கப் பணம் இருக்காது. பாதியில் நின்றுபோன வேலைகளை விசாரித்துப் பாருங்கள், திறமைக் குறைவைவிட இதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பெயர்கள் கையில் கிடைத்ததும் நேரில் போங்கள். சொல்லிவிட்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை. முடிந்து நிற்கும் காரை அவர்களே காட்டுவார்கள். மரியாதைக்குப் பார்த்துவிட்டு, பாதியில் நிற்கும் கார்களின் பக்கம் போங்கள். அங்கேதான் பட்டறையின் குணம் இருக்கிறது. கழற்றிய பாகங்கள் எங்கே? பெயர் எழுதிய டப்பாக்களிலும் கவர்களிலும் வண்டிவாரியாக இருக்கின்றனவா, அல்லது மூலையில் நான்கு வண்டிகளின் நட்டும் போல்ட்டும் ஒரே குவியலாகக் கிடக்கின்றனவா? துரு சுரண்டிய தகடு பிரைமர் இல்லாமல் வெறுமனே நிற்கிறதா? சென்னைக் கடற்காற்றில் அப்படி நிற்கும் தகட்டில் சில நாளிலேயே மறுபடியும் செந்துரு ஏறிவிடும். தூசி படிந்து வருடக்கணக்கில் நிற்கும் வண்டி எத்தனை என்றும் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் உரிமையாளர் பணம் அனுப்பாததாக இருக்கலாம். பத்து வண்டியில் எட்டு அப்படி நின்றால் வேறு இடம் பாருங்கள்.

துருப்பிடித்த தகட்டை என்ன செய்கிறார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள். துரு தின்ற பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு மடித்து, விளிம்போடு விளிம்பு வைத்து வெல்ட் செய்வதுதான் வேலை. ஓட்டையின் மேல் ஒரு தகட்டை ஒட்டுப்போட்டு, சுற்றிலும் புள்ளி புள்ளியாக வெல்ட் வைத்து, மேலே பட்டி பூசுவது வேலை இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் தங்கி உள்ளிருந்து தின்னும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த காரின் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, விளக்கைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. மெலிதாகப் பட்டி பார்ப்பது குற்றமில்லை, நல்ல டிங்கர் வேலைக்கும் கொஞ்சம் வேண்டும். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஹெரால்டில் உயிர்நிலை சேஸிஸ். வெளியே பாடி அழகாக இருக்கும். அடியில் பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர் கைகள் உள்ளிருந்து உளுத்துப்போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகக் கேட்கும். இதை நீங்களே வீட்டில் தட்டிப் பார்க்கலாம். வண்டி திருச்சியில், கொட்டகைக்குள், கடலை விட்டு விலகி நின்றது உங்கள் அதிர்ஷ்டம்.

திருச்சி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சென்னையில்தான் கொடுக்க வேண்டும் என்று ஏன் முடிவெடுத்தீர்கள்? முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பட்டறைக்கு நீங்கள் எத்தனை முறை போவீர்கள்? நீங்கள் நேரில் வந்து நிற்பீர்கள் என்பது தெரிந்தால்தான் எந்தப் பட்டறையிலும் உங்கள் வண்டி நகரும். பெரிய பெயர் உள்ள தூரத்துப் பட்டறையைவிட, வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்கக்கூடிய சுமாரான பெயர் உள்ள இடத்தை நான் தேர்ந்தெடுப்பேன். அதுவும் உங்கள் ஊரில் பாய்லர் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். சேஸிஸ் வேலைக்கு அப்படி ஒருவரைப் பட்டறைக்காரரோடு சேர்த்துவிட முடிந்தால் நல்லது. ஒரே எச்சரிக்கை, கனத்த பிளேட்டில் பழகிய கை மெல்லிய பாடித் தகட்டை ஓட்டையாக்கிவிடும். பாடிக்கு வேறு ஆள் வேண்டும்.

இங்கே எந்தப் பட்டறையும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். எஞ்சின் ஓரிடம், பிளேட்டிங் ஓரிடம், சீட்டுக்கு ரெக்சின் தைப்பது ஓரிடம், ரேடியேட்டர் ஓரிடம். அதில் தவறில்லை. ஒவ்வொன்றும் யாரிடம் போகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறாரா, கெட்டுப்போனால் தானே பொறுப்பு என்கிறாரா என்பதுதான் விஷயம். "அது லேத்துக்காரன் தப்பு சார்" என்று பின்னால் கைகழுவாமலிருக்க, முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். முழு வேலைக்கும் ஒரே ஒப்பந்தம் போடாதீர்கள். முதல் ஒப்பந்தம், பிரித்து ஆய்வு செய்து அறிக்கை தருவதற்கு மட்டும். அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் படம், பட்டியல், பெயர் எழுதிய டப்பா இருக்க வேண்டும்; பட்டியலில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அறிக்கை பிடிக்கவில்லையென்றால் டப்பாக்களோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகும் உரிமை அதில் எழுதியிருக்க வேண்டும். இது இல்லாமல் பிரிக்க விட்டால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். பிரித்த வண்டியை வேறு யாரும் லேசில் கையில் எடுக்கமாட்டார்கள்.

அதன் பிறகு சேஸிஸ், பாடி, எஞ்சின், பெயிண்ட், உள்வேலை என்று கட்டம் கட்டமாகப் போங்கள். ஒரு கட்டத்துக்கான பொருள் செலவை முன்பணமாகவும், கூலியை அந்தக் கட்டத்தை நேரில் பார்த்த பிறகும் கொடுங்கள். பொருளுக்குப் பில் வேண்டும். மாற்றிய பழைய பாகம் உங்களிடம் வந்துசேர வேண்டும், கழிவென்றாலும். பாடி வேலை முடிந்ததும், பிரைமர் அடிக்கும் முன், வெறும் தகடாக வண்டியைப் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். பெயிண்ட் ஏறிய பிறகு எந்த நிபுணராலும் உள்ளே நடந்ததைச் சொல்ல முடியாது. செலவில் பெரும் பங்கு எஞ்சினுக்கு ஆகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த வண்டிகளில் பாடியும் பெயிண்டும்தான் அதிகம் விழுங்கும். காலத்தைப் பொறுத்தவரை ஒரு வருடத்துக்குக் குறைவாக எதிர்பார்க்க வேண்டாம், இரண்டு வருடம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பில், எழுத்து, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பட்டறை வேலையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைதான். மோசம் நடந்தால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் அங்கே பேசுவது காகிதம்தான்.

காகிதம் என்றதும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால் வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்றிதழ் தேவை. பழைய ஆர்.சி. புத்தகத்தின் விவரம் இணையப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். ஏறவில்லையென்றால் அதை ஏற்ற வைப்பதே தனி அலைச்சல். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து, பென்சில் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, படமும் பிடித்து வையுங்கள். சேஸிஸைத் தேய்க்கும்போது எண் அடித்த இடத்தைக் கிரைண்டரால் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஆய்வாளரையும் நம்பவைப்பது பெரும்பாடு. அந்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 வருடம் கடந்த கார், பைக்குகளை விண்டேஜ் வாகனமாகப் பதிய வழி செய்தது. உங்கள் வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பதிவு 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குத்தான் வி.ஏ. எழுத்துகளோடு எண் தருவார்கள். ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சமயபுரம் போய்வர வேண்டும் என்பது ஆசையென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருங்கள். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்த வண்டிக்கு விண்டேஜ் தகுதி கிடைக்காது என்பதால், எந்தப் பட்டறைக்காரராவது "வேற எஞ்சின் போட்டுடலாம் சார், மைலேஜ் வரும்" என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த 948 எஞ்சினைப் பிடுங்கி எறிந்துவிட்டால் உங்கள் அப்பா ஓட்டிய வண்டியில் மிச்சம் என்ன இருக்கும்?

இப்போது அந்த நான்கு கதவு விஷயம். எஞ்சின், முன் சஸ்பென்ஷன், பிரேக் பாகங்கள் நிறைய இன்றும் இங்கிலாந்தில் டிரையம்ஃப் உதிரிபாகம் விற்பவர்களிடம் புதிதாகக் கிடைக்கின்றன. கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்ந்தால் விலை கடிக்கும், ஆனாலும் கிடைக்கும். பின் கதவுகள், அவற்றின் கண்ணாடி, ரப்பர் பீடிங், பூட்டு, கைப்பிடி இவையெல்லாம் இந்திய மாடலுக்கே உரியவை. இங்கிலாந்தில் தேடிப் பயனில்லை. இவை எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஒன்றையும் எறிய விடாதீர்கள், மாதிரிக்காவது வேண்டும். சீர்செய்ய வழியில்லாத இன்னொரு நான்கு கதவு ஹெரால்ட் பக்கத்து மாவட்டங்களில் எங்காவது விலைக்கு வந்தால் உதிரிக்காக வாங்கிப்போடுங்கள். இதற்குச் செலவிடும் பணம் வீணாகாது.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000இல் நாடு முழுவதும் ஈயம் நின்றுவிட்டது, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. ஹெட்டைத் திறக்கும்போதே ஈயம் இல்லாத பெட்ரோலில் தேயாமலிருக்க, எக்ஸாஸ்ட் வால்வுகள் உட்காரும் இடத்தில் கெட்டியான வளையம் (சீட் இன்சர்ட்) போடச் சொல்லுங்கள். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் சீல்கள் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். பழைய ரப்பர் ஊறி நைந்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீ விபத்துதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதும் கூடாது.

இப்போதைக்கு வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது போதும். செல்ஃப் அடித்தால் ஒட்டிப்போன ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது கயிறு கட்டி இழுக்காமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள், பிரேக் இருக்காது. ஆசனத்துக்கு அடியிலும் டிக்கி விரிப்புக்குக் கீழும் கம்பெனியில் அடித்த அசல் நிறம் மங்காமல் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். நிறம் தேர்ந்தெடுக்கும் நாளில் உதவும்.

வேலை தொடங்கும் மாதத்தையும் யோசியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெறும் தகட்டைத் திறந்து வைப்பதும் பெயிண்ட் அடிப்பதும் ஆபத்து. காற்றிலிருக்கும் ஈரம் பெயிண்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் பிரிப்பது, பட்டியல் போடுவது, எஞ்சின், லேத் வேலை, உதிரிபாகம் தேடுவது. தை பிறந்த பிறகு தகட்டு வேலையும் பெயிண்டும். இதை நீங்கள் சொல்லும் முன்பே தானாகச் சொல்லும் பட்டறைக்காரர் கிடைத்தால், சுற்றியது போதும், அவரோடு உட்கார்ந்து முதல் ஒப்பந்தத்தை எழுதத் தொடங்கலாம்.